கை வெக்காத!

"மறுபடி செத்துப்பூடுச்சுக்கா!" என்று இ-சேவை மையத்துக்குள்ளிருந்து ரம்யா கத்தினாள்.

அந்தக் கத்தல் நேராக வரவில்லை. வாசலில் நின்ற கெங்கம்மாள் வாங்கி, மேட்டில் நின்ற தீர்த்தகிரிக்குக் கொடுக்க, அவர் புளியமரத்தடிக்கு அனுப்பினார். புதூர்நாட்டின் அந்த மூலையில் போனுக்கு சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். அதுவும் பேச மட்டும்தான்.

மையத்தை நடத்தும் ஜெயசுதா மரத்தடியில் போனோடு நின்றாள். காலையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து எல்லாக் கம்ப்யூட்டருக்கும் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி எழவில்லை. ரம்யாவின் நர்சிங் விண்ணப்பத்துக்கு ஐந்து மணிதான் கெடு. மணி நாலு நாற்பது. இந்த வருஷம் விட்டால், அடுத்த வருஷத்துக்குள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்.

பெட்டியில் ஒட்டியிருந்த நம்பரைத்தான் கூப்பிட்டிருந்தாள். வாணியம்பாடியிலிருந்து ஒருவர் பேசினார்.

"எல்லா லைட்டும் எரிஞ்சு அணைஞ்சதும் இன்னா பண்றீங்க மேடம்?"

பிடுங்கி மாட்டுகிறோம் என்றாள். காலையிலிருந்து ஒன்பது முறை.

அது சாகவில்லையாம். கண் விழித்து, தன் உடம்பைத் தானே தடவிப் பார்த்து, எந்தக் கம்பி யாருக்கு என்று எழுதி வைத்ததைப் படிக்க உட்காரும்போதெல்லாம் இவர்கள் பிடுங்கியிருக்கிறார்கள். கடைசியாக ஒருமுறை மாட்டிவிட்டு நாலு நிமிஷம் தொடக்கூடாதாம்.

"மாட்டிட்டு கை வெக்காத!" என்று ஜெயசுதா கத்தினாள். தீர்த்தகிரி கத்தினார். கெங்கம்மாள் கத்தியதில் ரோட்டில் போன ஜீப்பே நின்றுவிட்டது.

நாலு நிமிஷம் இவ்வளவு நீளமா!

பிறகு வந்தது.

"ஒண்ணு பச்சை!"

ரெண்டு பச்சை. மூணு பச்சை. ஒவ்வொன்றும் மூன்று குரல் தாண்டி மேடேறி வந்தது. ஆறு வந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாலு வருஷமாக அந்தப் பெட்டியின் மேல் டீ டம்ளர் வைத்தவள் அவள்.

ஏழு வரவில்லை. அவள் வாய் திறக்குமுன் போனில் குரல் வந்தது. ஏழில் கம்பியே மாட்டவில்லை, எட்டைப் பாருங்கள் என்றது.

எட்டு பச்சை.

பார்க்காமலே எப்படிச் சொல்கிறார் இந்த மனுஷன் என்று மலைத்துப் போனாள்.

நாலு ஐம்பத்தாறுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்த சேதி வந்தது. ஜெயசுதா அழுதேவிட்டாள்.

"பேரு சொல்லுங்க சார், உங்க ஆபீசுக்கு நல்லதா எழுதிப் போடறேன்."

"உஸைருங்க. அந்தப் பொட்டிய மாட்டி நம்பர் ஒட்டுனதே நான்தான். ஆனா எழுதாதீங்க மேடம். அவங்க என்னை வேலைய வுட்டு நிறுத்தி மூணு வருசம் ஆவுது. இப்போ செருப்புக் கடைல இருக்கேன். கஸ்டமர் ஒத்தக் கால்ல செருப்போட நிக்கறாரு, வெச்சிடட்டுங்களா?"