குக்கருக்கு அப்புறம் ஒரு இருமல்

மிக்சி ரிப்பேர் வேன் தெருவுக்குள் நுழைந்த அதே நேரத்தில்தான் தாய்லாந்திலிருந்து போன் வந்தது.

நஃபீசா ஒரு கையில் மிக்சியும் இன்னொரு கையில் போனுமாக மாடிப்படியில் நின்றாள். இரண்டில் ஒன்றைத்தான் கவனிக்க முடியும். புருஷனை எடுத்தாள்.

கீழே வேன் மெதுவாக ஊர்ந்து போனது. மிக்சி, கிரைண்டர், குக்கர் என்று ஸ்பீக்கர் கத்தியது. அடுத்து ஒரு இருமல். அதற்குப் பிறகுதான் கேஸ் அடுப்பு.

பதிவு செய்த அன்றைக்கு ரிப்பேர்காரருக்குச் சளி. அழித்துவிட்டு மறுபடி பேச மனுஷனுக்குச் சோம்பல். ராஜகீழ்ப்பாக்கம் முழுக்க அந்த இருமல் பிரசித்தம். நஃபீசாவின் மகள் சாப்பிடும்போதுகூட அதே மாதிரி இருமிக் காட்டி அடி வாங்குவாள்.

வேன் போய்விட்டது. இனி அடுத்த வாரம்தான். அதுவரை பக்கத்து வீட்டு மிக்சியில் சட்னி அரைத்து, அந்தம்மா முகம் சுளிப்பதைப் பார்க்காத மாதிரி திரும்ப வேண்டும்.

போகட்டும். இன்றைக்கு அவர் பதில் சொல்கிற நாள்.

கிபாயத்துல்லா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். போய் ஒன்பது வருஷம். இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. போதும், வந்துவிடுங்கள் என்று கேட்டிருந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தார்.

கொஞ்ச காலமாக வீடியோவில் வருவதில்லை. நெட் சரியில்லையாம். வெறும் குரல்தான். அந்தக் குரலுக்கும் வரவர வயதாகிக்கொண்டிருந்தது.

"இங்கயே இருந்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன் நஃபீசா. பர்மனென்ட் பண்றேன்னு சொல்றாங்க. நல்ல சான்ஸ்."

நஃபீசா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். அவளுடைய அண்ணனுக்கு மச்சானைத் தாய்லாந்தில் வைத்துப் பார்த்தால்தான் குளிர்ச்சி. நடுவில் ஒருமுறை அங்கே வேலை போய், கிபாயத்துல்லா சில மாதம் வீட்டில் இருந்தார். ஒரு கல்யாணத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னான், வெளிநாடு போனவன் பொட்டியோட வருவான், நம்ம மச்சான் பொட்டியையும் வித்துட்டு வந்திருக்காரு என்று.

அத்தனை பேரும் சிரித்தார்கள். கிபாயத்துல்லா தட்டிலிருந்து கையை எடுத்தார். அடுத்த மாதமே எங்கெங்கோ எழுதிப் போட்டு, வேறு பள்ளிக்கூடம் பிடித்து, விமானம் ஏறிவிட்டார்.

இப்போது பர்மனென்ட்.

சம்பளம், விசா, லீவு என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். பாடம் நடத்துகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது அவர் குரலுக்குப் பின்னால், போனுக்குள், மெல்லக் கேட்டது.

மிக்சி, கிரைண்டர், குக்கர். ஒரு இருமல். கேஸ் அடுப்பு.

நஃபீசா எட்டிக் கீழே பார்த்தாள். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. வேன் இல்லை. போனை மறுபடி காதில் அழுத்திக்கொண்டாள். இருமல் இப்போது இன்னும் கிட்டத்தில் கேட்டது.

அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

வேன் இங்கிருந்து பக்கத்திலிருக்கிற செம்பாக்கம்தான் போகும். அப்படியென்றால் ஆளும் செம்பாக்கம்தான். வேலை போயிருக்கிறது. திரும்பி வந்திருக்கிறார். நடந்தே வரக்கூடிய தூரத்தில் ஒரு அறை எடுத்து உட்கார்ந்துகொண்டு, தாய்லாந்திலிருந்து போன் பண்ணிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வரத்தான் முகமில்லை.

அவளுக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பாள். கோபம் வந்த வேகத்திலேயே, மனுஷன் எங்கே சாப்பிடுகிறாரோ என்ற கவலையும் வந்து தொலைத்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடைக்குச் சாமான் சொல்லி அனுப்புகிற குரலில் சொன்னாள்.

"ஏங்க, அந்த வேன்காரரைக் கொஞ்சம் நிறுத்தி நம்ம தெருவுக்கு அனுப்பிவைங்க. நம்ம மிக்சி ஓடி ரொம்ப நாளாச்சு. முன்சீட்டு காலியாத்தான் இருக்கும், நீங்களும் ஏறி வந்துடுங்க. யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. நானும் கேக்கமாட்டேன்."

லைன் கட்டானது.

அவள் முகம் கழுவினாள். உலையில் இன்னும் ஒரு ஆளுக்கு அரிசி போட்டாள். மிக்சியைத் தூக்கிக்கொண்டு கீழே போய் கேட்டருகே நின்றாள். அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்துவிட்டாள். வேலையை விட்டுட்டு வரச் சொன்னதே நான்தான் என்று அடித்துச் சொல்லிவிட வேண்டியதுதான்.

தூரத்தில் இருமல் கேட்டது. கிட்டே வந்தது. வேன் திரும்பி, தெருவுக்குள் வந்து, சரியாக அவள் வீட்டு வாசலில் நின்றது.

முன்சீட்டில் யாரும் இல்லை.

ரிப்பேர்காரர் இறங்கி வந்து மிக்சியை வாங்கிக்கொண்டார். அவள் கண் வேனுக்குள்ளேயே தேடுவதைப் பார்த்தார்.

"ஒரு சாரு வழி காட்டிகினு கூடவே வந்தாரு அக்கா. தெருமொனைல நிறுத்தச் சொல்லி எறங்கி, வந்த வழியே திரும்பிப் பூட்டாரு. எறங்கசொல்லோ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. அந்த இருமல மட்டும் எடுத்துடுங்கன்னாரு."