கப்பல் ஏன் மூழ்கியது?

“கப்பல் முழுகிருச்சு. ஏன் முழுகிச்சு? அதை மட்டும் சொல்லுங்க” என்றார் டைரக்டர் லுபேகா.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வெளியே ஏரிக்கரையில் ஷாமியானா போட்டு பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. சத்தம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

நபுகீரா கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருந்தாள். கப்பலின் பாதுகாப்புச் சாமான்களுக்கு அவள்தான் பொறுப்பு. பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவோடு அந்தக் கப்பலில் ஏறியவர்களில் அவள் மகள் ஜோவியாவும் ஒருத்தி.

புது வெள்ளைக் காலுறை கேட்டு அடம்பிடித்து வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். தலை பின்னிவிட்ட எண்ணெய் வாசனை நபுகீராவின் விரல்களை விட்டு இன்னும் போகவில்லை.

“இங்க யாரும் யாரையும் குத்தம் சொல்லக் கூடாது. இந்த முறையே அதுதான்.” கோட்டில் குத்தியிருந்த பட்டு ரோஜாவை நேராக்கிக்கொண்டார் டைரக்டர். “கம்பாலா பயிற்சியில சொல்லிக் குடுத்தது. ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு. காரணத்தை எழுதுங்க, சுவத்துல ஒட்டுங்க, வாய்விட்டுச் சொல்லுங்க.”

சுவரில் மூன்று கட்டங்கள். செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது. ஆறு மாத வேலையும் அட்டை அட்டையாக மூன்றாவது கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ‘காரணம் அறியும் கூட்டம்’ என்ற அட்டை மட்டும் நடுக் கட்டத்தில் தொங்கியது.

ஆட்களையும் சரக்கையும் ஏற்றிவிடும் கிவும்பி முதலில் எழுந்தான்.

“முந்நூறு பேருக்கான கப்பல். ஐந்நூறு பேர் ஏறினாங்க. போதாததுக்கு அக்கரையில அமைச்சருக்குக் குடுக்கிறதுக்குன்னு நீளக்கொம்பு மாடுங்க வேற. எல்லாத்தையும் ஒரே பக்கமாக் கட்டிட்டாங்க.”

“மாட்டுக்காவது டிக்கெட் போட்டியா?” என்றான் மெக்கானிக் ஒடோங்கோ.

“அமைச்சர் வீட்டுக்குப் போற மாட்டுக்கிட்ட நீ போய் டிக்கெட் கேளேன், பாக்கலாம்.”

“குத்தம் சொல்லக் கூடாது” என்று நினைவூட்டினார் டைரக்டர். “ஒடோங்கோ, உன் சீட்டு?”

ஒடோங்கோ சீட்டை ஒட்டிவிட்டு முதுகைக் காட்டியபடியே பேசினான். “உள்ள வர்ற தண்ணியை இறைச்சு ஊத்துறதுக்கு ரெண்டு பம்ப். அதுல ஒண்ணு ஓடவே ஓடாது. ஸ்பேர் கேட்டேன், பெயின்ட் குடுத்தாங்க. அடிச்சு வெச்சேன்.”

“ஓடாதா?” கிவும்பியின் குரல் உடைந்தது. “ரெண்டும் ஓடுதுங்கிற தைரியத்துலதானே அவ்வளவு கூட்டத்தை விட்டேன்?”

“நீ அளவாத்தான் ஏத்துவேன்னு நான் நம்பினேன். ஒரு பம்ப் போதும்னு இருந்துட்டேன்.”

கூட்டம் அதிகம் என்பதும் பம்ப் ஓடாது என்பதும் இந்த அறைக்குள் வரும்வரை நபுகீராவுக்குத் தெரியாது. அவள் மனதுக்குள் பூட்டி வைத்திருந்தது வேறு ஒன்று.

“நீங்க சொல்லுங்கம்மா” என்றார் டைரக்டர்.

அவள் எழுந்தாள். சீட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை.

“சின்னப் பிள்ளைங்களுக்கான லைஃப் ஜாக்கெட் வரவே இல்ல, ஐயா. மொம்பாசா துறைமுகத்துலயே கிடக்கு. பெரியவங்களோடதைத்தான் மாட்டிவிடச் சொல்லியிருந்தேன். தண்ணிக்குள்ள விழுந்தா ஜாக்கெட் மேல மிதக்கும். பிள்ளை அதுக்குள்ளேர்ந்து நழுவிக் கீழ போயிடும்.”

மூடிய ஜன்னலைத் தாண்டிப் பேண்டுச் சத்தம் கேட்டது.

“தெரிஞ்சுதான் உங்க பொண்ணை ஏத்திவிட்டீங்களா?” கிவும்பி மெதுவாகக் கேட்டான்.

“இவ்வளவு புதுக் கப்பல், அதெல்லாம் எதுக்குத் தேவைப்படப் போகுதுன்னு...” ஒடோங்கோ நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்; அவள் உட்கார்ந்தாள். ஆளுக்கு ஒரு ஓட்டையை மறைத்து வைத்திருந்திருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

டைரக்டர் மஞ்சள் சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்தார். அடுக்கித் தட்டி ஃபைலில் வைத்தார். அவர் முகத்தில் ஒரு நிறைவு.

“பிரமாதம். இவ்வளவு வெளிப்படையா நீங்க பேசி நான் கேட்டதே இல்ல. தலைமை ஆபீஸ் கட்டாயம் நடத்தச் சொன்ன கூட்டம், நடத்தியாச்சு. அடுத்த மாசம் உக்காந்து ஒண்ணொண்ணா என்ன பண்றதுன்னு பாக்கலாம்.”

நடுக் கட்டத்தில் இருந்த கடைசி அட்டையை எடுத்து ‘முடிந்தது’ கட்டத்தில் குத்தினார். பின்னால் தள்ளி நின்று ஒருமுறை அழகு பார்த்தார்.

அப்போது வெளியே ஒரு சங்கு நீளமாக ஊதியது.

ஒடோங்கோவின் தலை விருட்டென்று நிமிர்ந்தது. நபுகீரா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

டைரக்டர் போய் ஜன்னலை அகலத் திறந்துவிட்டார். புதுப் பெயின்ட் வாசனையோடு பிள்ளைகளின் பாட்டுச் சத்தமும் உள்ளே வந்தது. அவர் திரும்பி நபுகீராவைப் பார்த்துச் சிரித்தார்.

“முழுகிட்டதா வெச்சுக்கிட்டுப் பேசினது போதும்மா, வந்து கை காட்டுங்க, உங்க பொண்ணு கப்பல் இப்பதான் கிளம்புது.”