எத்திராஜ் ருசி பார்த்த குழம்பு

திருத்தணி ஆந்திராவுக்கா சென்னை ராஜ்யத்துக்கா என்று எல்லைத் தகராறு நடந்த 1957-ல் வந்த ஃப்ளூ ஜுரத்தை எத்திராஜ் நம்பவில்லை. “சர்க்கார்காரனுங்க எல்லையை எந்தப் பக்கம் இழுக்கறதுன்னு தெரியாம ஜுரத்தை இழுத்து வுட்டானுங்க” என்றார்.

ஜுரம் அவரையும் பிடித்தது. போகும்போது வாசனையையும் ருசியையும் கொண்டுபோய்விட்டது. அவர் வெளியே சொல்லவில்லை. முப்பது வருஷமாகச் சமையலில் குற்றம் கண்டுபிடித்த நாக்கு ஆயிற்றே!

மகள் சுந்தரியைப் பெண் கேட்டுத் திருத்தணியிலிருந்து வந்திருந்தார்கள். வயிறாரச் சாப்பிட்டு எழுந்தால் சம்பந்தம் உறுதி.

மனைவி தாட்சாயணி கரண்டியில் குழம்பை நீட்டினாள். ஒரு வாரமாக அவரைக் கேட்காமல் அவள் குழம்பை இறக்குவதில்லை. இப்போதுதான் மரியாதை தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

“உப்பு கரிக்குது” என்றார், வழக்கம்போல.

அவள் தண்ணீர் ஊற்றிக் கலக்கி மறுபடி நீட்டினாள்.

“இன்னும் கரிக்குது.”

மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் வைத்தார், இலையை மூடினார். “எல்லை எந்தப் பக்கம் போனாலும் குழம்புல உப்பு வேணும்யா. எங்களுக்கு இந்த எடம் வேணாம்.”

வண்டி போனதும் எத்திராஜ் அடுப்படிக்குப் பாய்ந்தார். “ஒனக்கு நாக்கு செத்துப்பூட்ச்சாடி?”

“ஆமா” என்றாள் தாட்சாயணி. “ஜுரம் வந்ததுலருந்து ஒண்ணும் தெரியல. ஒன் நாக்கை நம்பிக்கினுதான் சமைக்கிறேன்.”