அழுவதற்கு ஒரு பிணம்

வெள்ளிமலைக்கு மேலே, சாமைக் கொல்லையின் ஓரத்தில் மாலை வெயில் கரைந்துகொண்டிருக்கிறது. மூங்கில் பாடையில் மாலையும் நெற்றிக்காசுமாகப் படுத்திருக்கும் நடிகை, கொசு கடித்த காலை மறுகாலால் சொறிகிறாள். "பொணம் சொறியாதும்மா!" என்று கத்துகிறார் கலைவாணன். சின்னசேலத்துக்காரர். ஆறு வருடமாக இந்தத் தொலைக்காட்சித் தொடரை எழுதுவது, எடுப்பது, தயாரிப்பது எல்லாம் அவர்தான். 'இன்றோடு முடித்துவிடுங்கள்' என்று மதியம்தான் சேனலிலிருந்து ஒற்றை வரியில் செய்தி வந்தது. சரி, முடித்துத் தொலைக்கலாமென்றால், ஒப்பாரிக்கு அழைத்து வந்த மலைப் பெண்கள் எட்டுப் பேரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

"உசுரோட படுத்துக்கினு இருக்கிறவங்களுக்கு எப்பிடிங்க அழுவறது? அவங்களுக்கு ஆவாதுங்க" என்கிறாள் சாலம்மாள், நான்காவது முறையாக, அதே மரியாதையுடன்.

"நடிப்பும்மா இது!"

"நாங்க அழுவறது நடிப்பு இல்லீங்களே."

சரிவில் பனிமூட்டம் இறங்குகிறது. இன்னும் பத்து நிமிடத்தில் வெளிச்சம் போய்விடும். கலைவாணன் நடிகையை எழுப்பி விரட்டுகிறார். கையிலிருந்த தொடரின் வசனத்தாள் கட்டைப் பாடையில் விட்டெறிந்து, வெள்ளைத் துணியை இழுத்துப் போர்த்துகிறார்.

"இது செத்துப்போச்சி. இதுக்காவது அழுவீங்களா?"

சாலம்மாள் துணியைத் தூக்கிப் பார்க்கிறாள். "எத்தினி வருசங்க?"

"ஆறு."

"ஐயோ, பச்சப் புள்ளையாச்சே!"

அவள் மார்பில் அறைந்துகொள்ள, எட்டுக் குரல்களும் ஒன்றாக எழுகின்றன. கேமராமேன் திரும்பிப் பார்க்கிறார். 'ஆக்‌ஷன்' சொல்ல வேண்டிய கலைவாணன், தோள் துண்டை வாயில் திணித்துக்கொண்டு நிற்கிறார்.