யார் மாற்றியது என் ஷெல்லை?

"மறுபடியும் மாத்திட்டியா?"

காலையில் வந்து நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் அவனுக்கு எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது.

பக்கத்து மேஜையில் மனைவி நிதானமாக டீயை உறிஞ்சினாள். "எதை?"

"எதைன்னு தெரியாது பாரு. என் ஷெல்லை."

இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே அறை, ஒரே வேலை. கம்பெனியின் சர்வர்களைக் கட்டி மேய்க்கிற வேலை. படம், பட்டன் என்று எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். அடிப்பதை வாங்கி வேலையை முடித்துத் தருகிற மென்பொருள்தான் ஷெல். அதில் பல வகை உண்டு, அவரவருக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்.

அவன் சேர்ந்த நாளிலிருந்து வைத்திருப்பது பாஷ் என்ற வகை. போன வாரத்திலிருந்து அவள்தான் ஃபிஷ் என்ற புதியதை அவன் தலையில் கட்டப் பார்க்கிறாள். சர்வரைத் திறக்கும் பாஸ்வேர்டு அவள் கையிலும் இருக்கிறதே! இவன் பழையதை வைத்துவிட்டுப் போனால், மறுநாள் காலையில் புதியது சட்டமாக உட்கார்ந்திருக்கும்.

"ரெண்டு எழுத்து அடிச்சா போதும். முன்னாடி நீ அடிச்சதைப் பார்த்து, மீதியை அதுவே சாம்பல் கலர்ல காட்டும். ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது. நல்லதுதானே?"

"அதான் எரிச்சலே. வாயைத் திறக்கறதுக்குள்ள பதில் சொல்ற முந்திரிக்கொட்டை. உன்னை மாதிரியே."

"இருந்துட்டுப் போகட்டும். பழகிக்கோ."

"அப்போ இத்தனை வருஷமா பாஷ்ல நான் என்ன கிழிச்சேன்?"

அவள் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது அவனுக்குச் சுருக்கென்றது.

போன மாதம் பழைய கோப்புகளை அழிக்கப் போனான். கட்டளையின் நடுவில் ஒரு ஸ்பேஸ் கூடுதலாக விழுந்துவிட்டது. ஒரு வாடிக்கையாளரின் மொத்தக் கோப்புகளும் போயே போய்விட்டன. வேறிடத்தில் நகல் இருந்ததால் தலை தப்பியது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, உங்களை சர்வர் பக்கமே விட முடியாது" என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார் மேனேஜர்.

வலது கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, "கீபோர்டு சரியில்ல சார்" என்று சமாளித்தான். புதுக் கீபோர்டும் வந்தது.

இந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறொன்றும் தெரியாது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பவனிடமிருந்து கை பழகியதையும் பிடுங்கினால் கோபம் வராதா?

அவள் ஊற்றி வைத்திருந்த டீக் கப்பைக் கோபத்தோடு எடுத்தான். பாதிதான் இருந்தது.

"இது வேற. கொஞ்ச நாளா டீயிலயும் கஞ்சத்தனம்."

"குறைச்சுக் குடிச்சா உடம்புக்கு நல்லது" என்றாள் அவள். எதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும்.

மதியம் அவளே கூப்பிட்டாள். "இதுல என்ன தப்புன்னு கொஞ்சம் பாரேன்."

எட்டிப் பார்த்தான். நீளமான ஒரு கட்டளையை முதலிலிருந்து கடைசிவரை அவளே மளமளவென்று அடித்தாள். சாம்பல் எழுத்து ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

"இரு, இரு. இது பாஷ் ஆச்சே?"

"ஆமா."

"நீ இன்னும் பழசைத்தான் வெச்சிருக்கியா?"

"எனக்கு இதுதான் வசதி."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் உயர்ந்தது.

"நல்லா இருக்கே உன் நியாயம். உனக்குப் பழசு, எனக்கு மட்டும் புதுசு. அவ்வளவு ஒசத்தின்னா நீ வெச்சுக்க வேண்டியதுதானே? எனக்கு மட்டும் என்ன தலையெழுத்து?"

அவள் எழுந்து போய் டீ கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். மற்றவர்கள் அவரவர் வேலைக்குத் திரும்பும்வரை காத்திருந்தாள். பிறகு குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எனக்கு விரல் நடுங்கலையே. டீயைக் குடி. பாதிதான் ஊத்தியிருக்கேன், சிந்தாது."