ஐம்பதில் ஒரு பேய்

"நர்ஸ்! இந்தம்மாவை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க!"

கிளெண்டா போட்ட சத்தத்தில் டயாலிசிஸ் அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். வெர்னா மட்டும் திரும்பவில்லை. மடியிலிருந்த நாவலின் பக்கத்தைப் புரட்டி, முன்னைவிடச் சத்தமாக வாசித்தாள்.

"கல்லறையின் மூடி தானாக நகர்ந்தது. உதட்டோரம் ரத்தம் காயாமல் அந்தச் சீமாட்டி எழுந்து உட்கார்ந்தாள்..."

"கேட்டீங்களா? ரத்தக்காட்டேரிக் கதை! நம்ம ரத்தமெல்லாம் குழாய்ல ஓடிக்கிட்டிருக்கிற நேரத்துல வாசிக்கிற கதையா இது?"

அமெரிக்காவில் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் இருந்த அந்த மையத்துக்கு கிளெண்டா புதிது. சர்ச் பாடகர் குழுவில் இருப்பவள். வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். ஒரு பேருந்துப் பிள்ளைகளின் கூச்சலையும் அடக்கிப் பழகிய குரல்.

நர்ஸ் டெனிஸ் ஓடிவந்தாள்.

"வெர்னா, மனசுக்குள்ள வாசிக்கக் கூடாதா?"

"அப்படி வாசிச்சா தூங்கிடுவேன். இந்த வருஷம் ஐம்பது புத்தகம் முடிக்கறதா லைப்ரரியில பேர் குடுத்திருக்கேன். அதுல ஒண்ணு பழைய காலத்துப் பேய் நாவலா இருக்கணுமாம். நான் என்ன பண்ணட்டும்?"

"பேயை வீட்டோட வெச்சிக்கயேன்!"

பக்கத்து நாற்காலியிலிருந்து ஆர்வில்தான் உறுமினார். காலமெல்லாம் ஏரியில் இரும்புத் தாது ஏற்றும் கப்பலில் உழைத்த கிழவர். கிளெண்டா வருவதற்கு முன்பே வந்து, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு சாய்ந்திருப்பார்.

"உன் குரலைக் கேட்டா அந்தக் காட்டேரியே கல்லறைக்குள்ள திரும்பப் போய்ப் படுத்துக்கும்."

"பிடிக்கலைன்னா காதைப் பொத்திக்குங்க ஆர்வில்."

"ஒரு கையில ஊசி இருக்கே, எப்படிப் பொத்தறது?"

"அப்ப ஒரு காதால கேளுங்க."

டெனிஸ் பெருமூச்சு விட்டாள். "பக்கத்துல இருக்கறவரே வேண்டாம்கறார். அடுத்த முறை உங்களுக்கு அந்தக் கோடி நாற்காலிதான்."

வெர்னா புத்தகத்தை மூடினாள்.

"மாத்தினா நான் வரல."

"விளையாடாதீங்க. வராம இருந்தா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும். செத்துப் போவேன். வந்தா இதே நாற்காலியில உக்காந்து இதே புத்தகத்தை வாய்விட்டு வாசிப்பேன். முடியாதுன்னா இப்பவே ஊசியைக் கழட்டுங்க. யார்கிட்ட வேணும்னாலும் புகார் குடுத்துக்குங்க."

டெனிஸ் தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்தாள். வெர்னா விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். சீமாட்டி ஜன்னல் வழியாக வெளியே இறங்கினாள். கிளெண்டாவுக்கு முகம் சிவந்தது.

வழக்கமாக முதலில் கிளம்பிவிடுகிற கிளெண்டா அன்றைக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தாள். வெர்னா வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு வெட்கமா இல்ல? வயசான மனுஷன் வேண்டாம் வேண்டாம்னு கத்தறார். அவர் காதுலயே போய்..."

வெர்னா நடைவழியைக் காட்டினாள்.

ஆர்வில் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் வெள்ளைக் கோல். இன்னொரு கை வேன் டிரைவரின் தோளில். கதவு நிலை எங்கே என்று தடவிப் பார்த்து வெளியே போனார்.

"சர்க்கரை. போன குளிர்காலத்துல ரெண்டு கண்ணும் போயிடுச்சு" என்றாள் வெர்னா தணிந்த குரலில். "கப்பல்ல இருந்தப்ப பெட்டி பெட்டியாப் பேய் நாவல் வாசிச்ச மனுஷன். நான் வாசிச்சுக் காட்டட்டுமான்னு கேட்டேன். 'உன் இரக்கத்தைக் கொண்டுபோய் ஏரியில போடு'ன்னுட்டார். சரி, இரக்கமா வேண்டாம்னா இம்சையா வாங்கிக்கட்டும்னு ஆரம்பிச்சேன்."

"அப்ப அந்த ஐம்பது புத்தகம்?"

"ஐம்பதாவது ஒண்ணாவது! அவர் முன்னால அளக்கறதுக்கு ஒரு சாக்கு. எனக்குப் பேய்க் கதைன்னாலே குலை நடுங்கும். தயவுசெஞ்சு அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

கிளெண்டா தலையாட்டினாள்.

அடுத்த முறை நல்ல பனி. வெர்னா இன்னும் வந்திருக்கவில்லை. கிளெண்டா தயங்கித் தயங்கி ஆர்விலிடம் போனாள்.

"உங்களுக்கு ஒரு உதவி செய்யலாம்னு நினைச்சேன். அந்த நாவல் ஒலிப்புத்தகமா இருக்காம். கொண்டுவந்து தரட்டுமா? வீட்ல நிம்மதியாக் கேக்கலாம்."

ஆர்வில் சிரித்தார்.

"என் போன்லயே இருக்கும்மா. எத்தனை தடவை கேட்டாச்சு! சீமாட்டி யார் கையால சாகறான்னுகூடச் சொல்லுவேன்."

"அப்புறம் எதுக்கு..."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"புருஷன் செத்துப்போனப்புறம் வெர்னா இங்க சரியா வராமலே இருந்தா. 'இனிமே யாருக்காக இந்த ஊசியெல்லாம்'னு பேச ஆரம்பிச்சுட்டா. வாம்மான்னு கெஞ்சினா வர்ற ஆளா அவ? அப்பதான் ஒரு நாள் வாசிக்கட்டுமான்னு கேட்டா. சரின்னிருந்தா ரெண்டு நாள்ல அலுத்துப் போயிருப்பா. வாசிக்கவே கூடாதுன்னேன். அன்னியிலேர்ந்து ஒரு நாள் தவறினதில்ல."

வாசலில் யாரோ பூட்ஸை ஓங்கி ஓங்கி மிதித்துப் பனியை உதறும் சத்தம் கேட்டது. ஆர்வில் சட்டென்று தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கிளெண்டா பக்கம் சாய்ந்தார்.

"வந்துட்டா. இன்னிக்கு நீயும் கொஞ்சம் நல்லாத் திட்டும்மா. நான் ஒருத்தனே எத்தனை நாள்தான் திட்டறது!"