நோயில்லாதவர், எண் ஏழு

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. ஒரு துளி ரத்தம் சொன்ன கதை இது. மெல்லத்தான் சொல்வேன்.

புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் அவள் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்தம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. நோயாளிகளின் கோடுகள் சீக்கிரம் மேலேறின. நோயில்லாதவர்களின் கோடுகள் தாமதமாக.

நோயில்லாதவர் வரிசையில் ஏழாம் எண் மட்டும் நோயாளிகளோடு சேர்ந்து ஏறியது.

அவள் தேடுவது மைக்ரோ ஆர்என்ஏ. செல்லுக்குள் எது வேலை செய்யலாம், எது சும்மா இருக்க வேண்டும் என்று அடக்கி வைக்கிற சின்னஞ்சிறு சங்கதி. கணையத்தில் புற்று வைத்தால் அதில் சில ரத்தத்தில் பெருகும். பெருகினால் கோடு சீக்கிரம் ஏறும்.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தமும் வேண்டுமே. கூட வேலை செய்கிறவர்களிடமும் வீட்டு மனிதர்களிடமும் கேட்டு வாங்குவது அங்கே வழக்கம்.

ஏழாம் எண் அவள் கணவன் செழியன். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். நோயில்லாதவன் என்று ஒரு சர்டிபிகேட் கொடு, பிரேம் போட்டு மாட்டுகிறேன் என்று, ஊசி குத்தும்போதே சிரித்தவன்.

ஆறு வருடத்தில் ஒரு தவறும் செய்யாதவள், இது தன் தவறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அவசரமாக ரத்தம் இழுத்தால் அணுக்கள் உடைந்து, சீரம் என்கிற ரத்தத்தின் தெளிநீர் ரோஸ் நிறமாகிவிடும். கோடும் பொய் சொல்லும்.

குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள்.

தெளிந்த இளமஞ்சள்.

சோதனையை மறுபடி ஓட்டினாள். அதற்கப்புறமும் ஒருமுறை. இரண்டு தடவையும் ஏழு நோயாளிகளோடுதான் ஏறியது.

பக்கத்து மேசை ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றுதானே, தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆளைப் பிடி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

இது ஒன்றை வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. ஆறு வருடமாக இதே வேலை பார்ப்பவளுக்குத் தெரியாதா?

தெரியும். ஆனாலும் அந்தக் குழாயைத் தூக்கிப் போடவில்லை.

சாயங்காலம் அழைத்துப் போக வந்த செழியன் பைக்கோடு வாசலில் நின்றான். கழுத்து விசிலைக் கழற்றக்கூட மறந்திருந்தான்.

யாருக்கென்று சொல்லாமல், ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டுப் போகலாம் என்றாள்.

அவன் முகம் வெளுத்தது. அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். எத்தனை நாளாக என்னிடம் மறைத்தாய் என்று கேட்டான்.

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அவன் ஒரு கையைப் பின்னுக்கு நீட்டி அவள் முழங்காலைத் தட்டினான்.

“பயப்படாத புள்ள. நான் இருக்கேன்ல.”

போதும், கண்ணுகளா. உங்கள் வீட்டில் இப்படிச் சொல்கிறவர்கள் நெடுநாள் இருக்கட்டும்.